இருட்டோடு வரும் பிள்ளைகள்

மாசாயில் நான் வேலை பார்க்கும் பாலர் பள்ளி, வரிசை வீடுகளின் கோடியில் இருக்கும் ஒரு மூலை வீடு. காலை 6 மணிக்கெல்லாம் கேட்டைத் திறந்துவிடுவோம். ஜொகூரில் அந்த நேரம் நல்ல இருட்டு; 7 மணி வாக்கில்தான் வானம் வெளுக்கும். பாசிர் கூடாங் தொழிற்சாலைக்குப் போகும் கம்பெனி பஸ் 6.15க்குச் சாலை முனைக்கு வந்துவிடும். அதற்குள் பிள்ளையை எங்கள் கையில் ஒப்படைத்துவிட வேண்டும் என்று அம்மாக்கள் அரக்கப் பரக்க வருவார்கள். தோளில் சாய்ந்திருக்கும் பிள்ளையின் முகத்தில் மட்டும் வெளிச்சம் இருக்கும். கைப்பேசி வெளிச்சம். கேட்டருகே அதைப் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு அம்மா பஸ்ஸுக்கு ஓடுவார். பிள்ளை வீறிட்டு அழும். பல வருடங்களாக எங்கள் நாள் இப்படித்தான் விடிகிறது.

நான் பிறந்தது கூலாயை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில். அங்கும் பிள்ளைகள் இருட்டோடுதான் வந்தார்கள். வெயில் ஏறினால் மரத்தில் பால் சீக்கிரம் நின்றுவிடும். விடியுமுன் கத்தி வைத்தாக வேண்டும். அதனால் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது, அவ்வளவு சீக்கிரம். தூங்கும் பிள்ளையைப் போர்வையோடு தூக்கிவந்து ஆயாக் கொட்டகையில் கிடத்திவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் பால் வெட்டுக்குப் போவார்கள். அந்தக் கொட்டகையின் ஆயா என் அப்பாயி.

பலகைச் சுவர், தகரக் கூரை, சிமெண்டுத் தரை. குறுக்கே ஓடும் கட்டையில் பழைய சேலைகளில் கட்டிய தூளிகள் வரிசையாகத் தொங்கும். அப்பாயி ஒரு தூளியைக் கையால் ஆட்டிக்கொண்டே, இன்னொன்றின் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுப்பார். மடியில் ஒன்று பால் குடித்துக்கொண்டிருக்கும். வாய் மட்டும் ஓயவே ஓயாது. கூரையில் குரங்கு குதித்தால், "அந்தா வந்துட்டா பாரு, குட்டியத் தூக்கிக்கிட்டு. உங்கம்மா மாதிரியே ஓடுறா" என்பார். மழை வந்தால் மழையிடம் பேசுவார். பால் கரைக்கும்போது டின்னிடம் பேசுவார். எந்தப் பேச்சும் எந்தப் பிள்ளையையும் விட்டுவைக்காது. 6 மாதக் குழந்தையிடம்கூடக் கேள்வி கேட்டுவிட்டு, அது ஏதாவது சத்தம் போடும்வரை அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். சத்தம் வந்ததும், "ஓ, அப்படியா சங்கதி" என்று அடுத்ததைத் தொடங்குவார்.

அந்தக் கொட்டகையைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. 20 பிள்ளைக்கு ஒரு கிழவி. பாதிப் பிள்ளைகளுக்குச் சொறி, மீதிக்கு வயிற்றில் பூச்சி. அப்பாயியின் கை ஒழியாத நேரத்தில் அழுத பிள்ளை அழுதே தூங்கியது. என் தம்பியின் காலில் வெந்நீர் கொட்டிய தழும்பு இன்றும் இருக்கிறது. பாலுக்கும் மருந்துக்கும் பஞ்சம் இருந்த இடம்தான் அது. பேச்சுக்கு மட்டும் பஞ்சம் இருந்ததில்லை.

எங்கள் தோட்டத்தின் முதல் தொலைக்காட்சி, தோட்ட அலுவலகத்துப் பெரிய கிராணி (தலைமை எழுத்தர்) வீட்டுக்கு வந்தது. மலேசியாவில் ஒளிபரப்பு தொடங்கியது 1963 டிசம்பர் 28ஆம் தேதி. எங்களை அது எட்டியபோது எனக்கு 7 வயது. கறுப்பு வெள்ளைப் பெட்டி. நான்கு கால், இரண்டு பக்கத்திலிருந்தும் இழுத்து மூடும் மரக் கதவு, கதவுக்குப் பூட்டு. ஏரியலைத் தெற்கே திருப்பினால் சிங்கப்பூர் நிகழ்ச்சியும் கிடைக்கும். நாங்கள் வெளியே நின்று சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். தோட்டத்துக்கு மின்சாரம் கொடுத்தது ஸ்டோருக்குப் பக்கத்தில் இருந்த இன்ஜின். பொழுது சாய்ந்ததும் ஓடத் தொடங்கி இரவு 10 மணிக்கு நின்றுவிடும். கதாநாயகன் வில்லனை நோக்கிக் கையை ஓங்கியிருந்தாலும் சரி, 10 மணி என்றால் படம் சுருங்கி, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகி, அணைந்துவிடும். யாரும் அழவில்லை. இன்ஜினோடு யார் சண்டை போடுவது? லயத்து வீடுகளுக்குத் திரும்பும் வழியெல்லாம் மீதிக் கதையை நாங்களே கட்டுவோம். ஒவ்வொரு வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு முடிவு.

இன்று அந்த இன்ஜினின் வேலையை ஒவ்வொரு அம்மாவும் தனியாகச் செய்ய வேண்டியிருக்கிறது. 12 மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்த அம்மா. கைப்பேசிக்குக் கதவு கிடையாது, பூட்டும் கிடையாது. ஒரு காணொலி முடியுமுன்பே அடுத்தது தானாக ஓடத் தயாராக நிற்கிறது. நிறுத்துகிறவர் யாரோ அவர்தான் பிள்ளையின் கண்ணுக்கு வில்லன். இதை நான் புரிந்துகொள்ள வெகுகாலம் பிடித்தது.

தோட்டம் முதலில் செம்பனையாக மாறியது, பிறகு தாமானாக, வீடமைப்புப் பகுதியாக, மாறியது. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது ஒரு பெட்ரோல் நிலையம். பிள்ளைகள் தாஸ்கா என்ற காப்பகத்துக்கும் தாடிக்கா என்ற பாலர் பள்ளிக்கும் போனார்கள், நானும் ஆசிரியை ஆனேன். 2019 ஏப்ரலில் உலகச் சுகாதார நிறுவனம் 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான வழிகாட்டியை வெளியிட்டது. ஒரு வயதுப் பிள்ளைவரை திரையே வேண்டாம். 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதிலும் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. எனக்கு ஆயுதம் கிடைத்ததுபோல் இருந்தது. தமிழில் எழுதி, பெரிதாக அச்சடித்து, பெற்றோர் கூட்டத்தில் எல்லாருக்கும் கொடுத்தேன். வீட்டில் பிள்ளை எத்தனை மணி நேரம் பார்க்கிறது என்று எழுதித் தர ஒரு படிவமும் வைத்தேன்.

கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு ஒரு அம்மா மட்டும் நின்றார். "டீச்சர், நான் வீட்டுக்குப் போறப்ப மணி ஒம்பதரை. அந்த ஒரு மணி நேரத்த யாரு எண்ணுறது?" என்று கேட்டார். கோபமில்லை. உண்மையிலேயே என்னிடம் வழி கேட்டார். என்னிடம் வழி இல்லை. படிவங்கள் திரும்பி வந்தபோது எல்லாவற்றிலும் 'அரை மணி', 'ஒரு மணி' என்றே இருந்தது. அந்த அம்மாவின் படிவத்திலும்தான். நாள் முழுக்கக் கண் சிவந்து வரும் பிள்ளைகளைப் பார்க்கிற எனக்கு, அந்தப் பெற்றோரைப் பொய் சொல்ல வைத்தது நான்தான் என்று தெரிந்தது. படிவத்தை நிறுத்திவிட்டேன். அவர்கள் மறுபடி என்னிடம் மனம்விட்டுப் பேச ஒரு வருடம் ஆனது.

அந்த ஒரு வருடத்துக்குள் உலகமே மாறியது. 2020 மார்ச் 18, கோவிட் பரவலைத் தடுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. பள்ளிகள் மூடின, அதே நாளில் சிங்கப்பூருக்குப் போகும் ஜொகூர்ப் பாலமும் மூடியது. கைப்பேசியைக் கொடுக்காதீர்கள் என்று தாள் அச்சடித்துக் கொடுத்த நானே, காலை 9 மணிக்குக் கைப்பேசியைப் பிள்ளையிடம் கொடுங்கள் என்று பெற்றோரின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கெஞ்சினேன். ஒரு வீட்டில் 3 பிள்ளைக்கு ஒரு கைப்பேசி. பெரியவனின் வகுப்பு முடிந்தால்தான் சின்னதற்கு. அப்படிப்பட்ட பிள்ளைகளை இரவு 8 மணிக்கு மேல் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசுவேன். 5 வயதுப் பிள்ளையைத் திரையில் வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுக்க முடியாது என்பது 2ஆம் நாளே தெரிந்துபோயிற்று. அதனால் எழுத்தை விட்டுவிட்டு, "உன் வீட்டுல சிவப்பா இருக்கிற ஒரு சாமானக் கொண்டுவந்து காட்டு" என்பேன். வாளி வரும், சாமி படம் வரும், ஒரு நாள் ஒரு பிள்ளை சேவலையே தூக்கிக்கொண்டு வந்து கொண்டையைக் காட்டியது.

அந்த வகுப்பில் பிள்ளைகளின் பெயர்களுக்கு நடுவே ஒரு கட்டம் எப்போதும் இருட்டாக இருக்கும். படமும் இல்லை, குரலும் இல்லை. யார் என்று கேட்டால் பதில் வராது. 2 வாரம் கழித்து எனக்கு ஒரு செய்தி வந்தது. எங்கள் மாணவன் ஒருவனின் அப்பா. சிங்கப்பூரில் வேலை; பாலம் மூடியபோது அந்தப் பக்கமே தங்கிவிட்டார். வேலைக்கு நடுவில் கிடைக்கும் இடைவேளையில், தங்கும் விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து மகனின் வகுப்பைப் பார்க்கிறார். மகன் தன்னைப் பார்த்தால் அழுவான், பாடம் கெட்டுவிடும் என்று கேமராவை மூடி வைத்திருக்கிறார். 'என்னை எடுத்துறாதீங்க டீச்சர்' என்று எழுதியிருந்தார். நான் எடுக்கவில்லை. அந்தப் பையன் பாலர் பள்ளியை முடித்து முதலாம் ஆண்டுக்குப் போகும்வரை அந்த இருண்ட கட்டம் எங்கள் வகுப்பில் இருந்தது. எல்லை முழுசாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதி.

ஜொகூர்க் குடும்பங்களுக்குக் காலம் எப்போதுமே துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. 2014இல் இங்கே வார விடுமுறை வெள்ளி, சனி என்று மாறியது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு ஞாயிறு ஓய்வு. பிள்ளைக்கு ஞாயிறு பள்ளி. 11 வருடம் அப்படி ஓடி, 2025 தொடக்கத்தில்தான் சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. அந்த வருடங்களில் அப்பா தூங்கி எழுந்தால் பிள்ளை பள்ளியில், பிள்ளை விடுமுறையில் இருந்தால் அப்பா பாலத்தில். நடுவில் இருந்த இடைவெளியைக் கைப்பேசி நிரப்பியது. அது நிரம்பியதற்காகப் பெற்றோரைக் குற்றம் சொல்ல இப்போது என் நாக்கு எழுவதில்லை.

ஆனால் கவலை இருக்கிறது. அதை மறைக்கவும் மாட்டேன். பள்ளிக்கு வரும் 4 வயதுப் பிள்ளை ஆங்கிலத்தில் 50 வரை எண்ணும், வண்ணங்களின் பெயரெல்லாம் அமெரிக்க உச்சரிப்பில் சொல்லும். உப்பின் இப்பின் என்ற மலாய்க் கார்ட்டூன் பார்த்து வளர்ந்த பிள்ளை, அதில் வருவதுபோல் எதற்கும் மும்முறை 'பெத்துல்' (சரி) போடும். "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்டால் மட்டும் பதில் வராது. கேள்வி என்பது தன்னிடம் கேட்கப்படுவது, அதற்குத் தான் ஏதாவது சொல்லலாம் என்பதே அதற்குப் பழக்கமாகியிருக்காது. திரை எவ்வளவு பேசினாலும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் காத்திருக்காது.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரீசியா கூல் என்பவரும் அவருடைய குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு. ஆங்கிலம் பேசும் வீடுகளின் 9 மாதக் குழந்தைகள். சிலரோடு சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து 12 முறை விளையாடினார்கள், கதை சொன்னார்கள். அந்தக் குழந்தைகள் ஆங்கிலத்தில் இல்லாத சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. வேறு சிலருக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, திரையில். அவர்கள் எதையும் கற்கவில்லை. கைநாட்டு வைத்த என் அப்பாயி தூளியைப் பார்த்துக் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்ததன் அருமை, நான் ஆசிரியை ஆகிப் பல வருடம் கழித்து இதைப் படித்தபோதுதான் முழுசாக உறைத்தது.

போன வருடம் ஒரு பையன் வந்தான். 4 வயது. காலை 10 மணிக்கு மேசையில் சோறும் சாம்பாரும் வெண்டைக்காய்ப் பொரியலும் வைத்தோம். மற்ற பிள்ளைகள் அள்ளிச் சாப்பிட, அவன் நேராக நிமிர்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்தான். திறந்தபடியே இருந்தான். அடம் இல்லை, அழுகை இல்லை. சோறு வரும் என்று காத்திருக்கிறான். கரண்டியைக் கொடுத்தேன், பிடித்துக்கொண்டான், ஆனால் அது எதற்கு என்று தெரியவில்லை. தட்டை ஒரு முறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. ஒரு வெண்டைக்காய்த் துண்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். பூச்சி ஊர்ந்ததுபோல் உதறிவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்தான். இத்தனைக்கும் தினமும் சாப்பிடுகிற காய்தான் அது. வாய்க்குத் தெரிந்திருந்தது, கண்ணுக்கும் கைக்கும் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். அடுக்குமாடி வீடு, 4ஆவது மாடி. பாட்டி கதவைத் திறந்தார். அம்மா சனிக்கிழமையும் வேலைக்குப் போய்விட்டார்; காலை 4.15க்குக் கிளம்பி, பாலத்தில் குடிநுழைவு வரிசை தாண்டி, சிங்கப்பூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை. பாட்டி எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"திட்டத்தானே வந்தீங்க டீச்சரம்மா?"

"இல்லம்மா. இவனுக்கு எப்படி ஊட்டுறீங்கன்னு பாக்க வந்தேன்."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து சோற்றைப் பிசைந்தார். மைலோ டின்னில் கைப்பேசியைச் சாய்த்து வைத்தார். பையன் அதன் முன்னால் உட்கார்ந்தான். வாய் திறந்தது, உருண்டை போனது, வாய் மூடியது. பாட்டியும் பேசவில்லை, பேரனும் பேசவில்லை. கைப்பேசி மட்டும் பாடிக்கொண்டிருந்தது. 10 நிமிடத்தில் தட்டு காலி.

"இது இல்லாட்டி ஒன்றரை மணி நேரம் ஆவும்மா. இவன் பின்னால ஓட எனக்கு முட்டி தாங்கல. மருமக ஒன்னும் சொல்ல மாட்டா, தங்கமான பொண்ணு. ஆனா ராத்திரி வந்ததும் தூங்குற புள்ள வயித்தத் தொட்டுப் பாப்பா. அத என்னால பாக்க முடியாது."

பேசிக்கொண்டிருந்ததில், அவரும் லாயாங் லாயாங் பக்கம் பால் வெட்டியவர் என்று தெரிந்தது. தன் பிள்ளைகள் நால்வருக்கும் ஒரே வட்டிலில் பிசைந்து உருட்டிப் போட்டிருக்கிறார். "நாலும் போட்டி போட்டுக்கிட்டு வாயத் தொறக்கும். இவன் பாவம், ஒத்தையா உக்காந்திருக்கான். யாரப் பாத்துத் திம்பான்?" என்றார். எனக்கு வேண்டிய வழியை அவரே சொல்லிவிட்டார். நான் கேட்டது ஒன்றுதான்: வாரத்தில் 3 நாள் காலை 10 மணிக்குப் பள்ளிக்கு வந்து, எங்கள் பிள்ளைகளுக்கு உருட்டிப் போட முடியுமா? வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

வந்தார். குட்டி நாற்காலி முட்டிக்கு ஆகாது என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். பேரனைச் சேர்த்து 6 பிள்ளைகளை அரைவட்டமாக உட்கார வைத்து, ஒரே கிண்ணத்தில் பிசைந்தார். "இது யாருக்கு? காக்காவுக்கா, உனக்கா?" என்று உருண்டையை நீட்டுவார். பக்கத்துப் பிள்ளை "எனக்கு, எனக்கு" என்று முந்தும். முதல் வாரம் நம் பையன் சுவரைத்தான் பார்த்தான். 2ஆம் வாரம் பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்த்தான். 4ஆம் வாரம் பாட்டியின் கையைப் பார்த்தான். பாட்டி அன்று வேண்டுமென்றே அவன் முறையைத் தாண்டி அடுத்த பிள்ளைக்குப் போனார். "எனக்கு" என்றான். எங்கள் பள்ளியில் அவன் பேசிய முதல் சொல்.

இப்போது கணக்குக் கேட்பதில்லை. எந்த நேரம் உங்களுக்குக் கஷ்டமான நேரம் என்றுதான் கேட்கிறோம். சிலருக்கு அது சோறு, சிலருக்குத் தூக்கம், சிலருக்குப் பாலத்து நெரிசலில் காருக்குள் உட்கார்ந்திருக்கும் 2 மணி நேரம். ஒரு நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்கு என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிக்கிறோம். மற்ற நேரத்தை அப்படியே விட்டுவிடுகிறோம். பெற்றோரின் கைப்பேசியில் அடுத்த காணொலி தானாக ஓடும் வசதியை எப்படி நிறுத்துவது என்று கேட்டருகே நின்று காட்டிக் கொடுக்கிறோம். ஒரு பாட்டு முடிந்ததும் திரை நிற்கட்டும். இன்ஜின் நின்றதுபோல. வகுப்பு நேரத்தில் நாங்களும் கைப்பேசியைத் தொடுவதில்லை. மணலில் கோயில் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் பிள்ளை, நான் படம் எடுக்கக் கைப்பேசியைத் தூக்கியதும் கட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்து நின்றது; படம் எடுத்து முடித்தபின் அது கோயிலுக்குத் திரும்பவில்லை. அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டோம்.

காலை அழுகைக்கு ஓர் அம்மாவே வழி கண்டுபிடித்தார். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, தான் போட்டுத் துவைத்த பழைய துப்பட்டாவைப் பிள்ளையின் மேல் சுற்றித் தூக்கி வருகிறார். பிள்ளை அதோடு பாயில் படுத்து 7 மணிவரை தூங்குகிறது. இப்போது எங்கள் பாய் வரிசையில் 5 துப்பட்டாக்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பையன் வீட்டில் இரவுச் சோறு இன்னும் மைலோ டின் முன்னால்தான். பாட்டிக்கு முட்டி வலி கூடினால் 2 வாரம் பள்ளிக்கு வர மாட்டார். பையன் மறுபடி சுவரைப் பார்ப்பான். மாலை 7.30க்குச் சிங்கப்பூர்ப் பக்கம் உட்லண்ட்ஸ் குடிநுழைவு வரிசையில் நின்றுகொண்டு அவன் அம்மா காணொலியில் கூப்பிடுவார். அந்த நேரத்தை நான் எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை.

போன மாதம் காய் அச்சு குத்தினோம். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, சாயத்தில் தோய்த்து, தாளில் வைத்து எடுத்தால் பூப் பூவாக விழும். பிள்ளைகள் எல்லாரும் குத்திக்கொண்டிருக்க, அவன் ஒரு துண்டை எடுத்துக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூக்கருகே கொண்டுபோனான். விரலில் ஒட்டிய வழவழப்பைத் தேய்த்துப் பார்த்தான். பிறகு சாயப் பிசுக்குக் கையோடு என் சேலையைப் பிடித்து இழுத்தான்.

"டீச்சர், இது பாட்டி சோத்துல இருக்கும்."

"ஆமாம்பா. இது பேரென்ன?"

கொஞ்சம் யோசித்தான். நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.